கொழுந்து தேயிலையாகும் வழி: இலங்கை மலையகத்துக்குப் போகிறவர்களுக்கு

கேள்வி இதுதான்: “குடும்பத்தோடு நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் நான்கு நாள் போகிறோம். ஒரு தேயிலைத் தோட்டத்தையும் தொழிற்சாலையையும் பார்க்க ஆசை. தேயிலை எப்படி ஆகிறது என்று உள்ளபடி விளங்கிக்கொள்ள எப்போது போவது, எதைக் கவனிப்பது?”

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் கோட்டை விடுவது அங்கேதான். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்குத் தொழிற்சாலைக்குள் போவார்கள். அரவை இயந்திரங்கள் கழுவித் துடைத்து நிற்கும். வழிகாட்டும் பிள்ளை ஒவ்வொன்றையும் கையால் காட்டி இருபது நிமிடத்தில் கடைக்குக் கூட்டிவந்துவிடும். அந்தப் பிள்ளையின் பிழை இல்லை அது. இன்று பகலில் பறித்த கொழுந்து இரவு முழுக்க வாடி, நடுச்சாமத்துக்குப் பிறகோ விடியற்காலையிலோதான் அரவைக்கு வரும். மலை உச்சித் தோட்டங்களில் குளிர் நேரத்தில் அரைத்தால் மணம் தங்கும் என்பதால் இரவிலேயே முடித்துவிடுவதும் உண்டு. ஆகவே முதல் நாளே தொலைபேசியில் “நாளைக்கு அரவை எத்தனை மணிக்கு? எத்தனை மணிவரை பார்க்கலாம்?” என்று கேட்டுவிடுங்கள். காலை ஏழு, எட்டு மணிக்குள் உள்ளே விடும் தொழிற்சாலை கிடைத்தால் அதையே தெரிவு செய்யுங்கள். அரவையைப் பார்த்துவிட்டு மலைக்கு ஏறிக் கொழுந்து எடுப்பதையும் நிறுப்பதையும் பார்த்து, சாயங்காலம் மறுபடி தொழிற்சாலைக்கு வந்து வாட்டுவதைப் பார்ப்பதுதான் நல்ல வரிசை.

கிழமையும் முக்கியம். ஞாயிறு பொதுவாகக் கொழுந்து எடுப்பதில்லை. அதனால் திங்கள் காலையில் அரைக்க ஒன்றும் இருக்காது. போயா (பௌர்ணமி விடுமுறை) நாள், தைப்பொங்கல், தீபாவளி ஆகியவற்றுக்கும் அடுத்த நாளுக்கும் இதே கதைதான். செவ்வாய் முதல் சனி வரை போவது நல்லது.

பருவத்தைப் பொறுத்தவரை மலையகத்தை இரண்டு சரிவாக நினைத்துக்கொள்ளுங்கள். மேற்குச் சரிவில் ஹட்டன், தலவாக்கலை, டிம்புள்ள. கிழக்குச் சரிவில் பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளை என்று ஊவா. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை நனைக்கும்போது ஊவாவில் காய்ந்த காற்று வீசும். அங்கே ஜூலை முதல் செப்டம்பர் வரை தரமான பருவம். வடகீழ்ப் பருவம் ஓய்ந்து வரும் ஜனவரி முதல் மார்ச் வரை டிம்புள்ளவுக்கும் நுவரெலியாவுக்கும் முறை. செடி தண்ணீருக்குச் சற்றே ஏங்கி மெல்ல வளரும்போதுதான் மணம் இலைக்குள் திரளும். ஊவாத் தேயிலையில் மூக்கில் ஏறும் அந்த மென்தால் போன்ற குளிர்ச்சி காய்ந்த காற்றின் கொடை. மழைக்காலத்தில் கொழுந்து மளமளவென்று வரும், தொழிற்சாலை நிரம்பும், தேயிலை சப்பென்றிருக்கும். வேலையைப் பார்க்க மழைக்காலமும் பரவாயில்லை; வாங்கிக்கொண்டு போகப் பருவகாலம்தான்.

இனி மலைக்கு வருவோம். தோட்டத்தில் ‘மலை’ என்றால் ஒரு வெட்டு நிலம். ஐந்தாம் நம்பர் மலை, பங்களா மலை என்று பெயர் இருக்கும். ஒரு ஹெக்டேரில் ஏறக்குறைய 12,500 செடி நிற்கும். தேயிலை விட்டால் மரமாக ஓங்கும் இனம். மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி இடுப்பளவில் மேசை மாதிரி வைத்திருப்பதால்தான் அது செடியாகத் தெரிகிறது. வெட்டிய மலை மொட்டையாக, குச்சி குச்சியாக நிற்பதைப் பார்த்துத் தோட்டம் செத்துவிட்டதென்று எண்ண வேண்டாம். சில மாதத்தில் தளிர்த்துவிடும்.

எடுப்பது இரண்டு இலையும் ஓர் அரும்பும். அதே செடிக்கு ஐந்து முதல் பத்து நாளுக்குள் திரும்பி வர வேண்டும். உயரம் கூடினால் நாள் கூடும். ஒரு பெண் எடுப்பதை இரண்டு நிமிடம் கண் எடுக்காமல் பாருங்கள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தண்டு அகப்படும், ஒரு சின்ன ஒடிப்பு, உள்ளங்கை நிறையும்வரை அடுத்தது, அடுத்தது; நிறைந்ததும் கை தோளுக்கு மேலாகப் பின்னால் போய்க் கூடையில் விடும். கண் அப்போதே அடுத்த கொழுந்தில் இருக்கும். செடிமேல் நீளமாக ஒரு கம்பு கிடந்தால் அது மட்டக்கம்பு. அதற்கு மேலே வந்தது பறிக்க, கீழே உள்ளது செடி உயிர் வாழ. இடுப்பில் சுற்றியிருப்பது படங்கு. மழைக்கும் பனிக்கும் கொப்புக் கீறலுக்கும் அதுதான் கவசம்.

பிழை நடக்கும் முதல் இடமும் இதுவே. சுற்று தாமதமானால் மூன்றாம், நான்காம் இலையும் முற்றிய தண்டும் கூடைக்குள் வரும். முற்றிய இலை முறுகாது, தட்டையாக உதிரும், தண்டு நாராகும். அரும்பு வளர்ச்சி நின்று மலடாகிவிட்ட கிளையில் இருந்து எடுத்த இலையும் அப்படித்தான். இன்னொன்று, சாக்கில் அமுக்கி அடைப்பது. பறித்த பிறகும் கொழுந்து மூச்சு விடுகிறது, சூடு உண்டாக்குகிறது. இறுக்கி அடைத்து வெயிலில் வைத்த சாக்குக்குள் கையை விட்டால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும். கசங்கிய இடமெல்லாம் செம்பு நிறமாகத் திரும்பியிருக்கும். அந்தக் கொழுந்து தொழிற்சாலை வாசலுக்கு வருமுன்பே பாழ். தொழிற்சாலை தரத்தைக் கூட்டாது; மலையில் இருந்து வந்த தரத்தைக் கெடுக்காமல் காப்பதுதான் அதன் வேலை. இதை மனதில் வைத்துக்கொண்டால் உள்ளே பார்க்கும் ஒவ்வொன்றுக்கும் காரணம் விளங்கும்.

கொழுந்து மடுவம் என்ற கொட்டகையில் நிறுக்கும் நேரத்தைக் கேட்டு வைத்து அந்த நேரத்துக்குப் போங்கள்; வழக்கமாகக் காலையில் ஒன்று, மதியம் ஒன்று, மாலையில் ஒன்று. ஈரத்துக்கும் கூடைப் பாரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கிறார்கள் என்று பாருங்கள். நாட்கூலி முழுதாக விழ இத்தனை கிலோ என்று ஓர் அளவு உண்டு. பல தோட்டங்களில் அது 16, 18, 20 கிலோ என்று நிற்கிறது. நாட்சம்பளம் 2021-இல் 1,000 ரூபாயாகவும் 2024-இல் 1,350 ரூபாயாகவும் உயர்ந்ததற்குப் பின்னால் நீண்ட போராட்டம் இருக்கிறது. ஆகவே படம் எடுப்பதற்காக ஒருவரை நிறுத்தி வைப்பது அவருடைய கிலோவில் கை வைப்பது. “அக்கா, ஒரு படம் எடுத்துக்கலாமா?” என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஒரு பெரிய வசதி, தமிழில் பேசலாம். மற்றப் பயணிகளுக்கு வழிகாட்டி சொல்வது மட்டும்தான் கிடைக்கும். உங்களுக்கு மடுவத்தில் கூடை இறக்கும் அம்மாவிடமே கேட்க வாய்ப்பு இருக்கிறது: இந்த மலையில் கொழுந்து எப்படி, இப்போது எத்தனை நாள் சுற்று, மழையில் எத்தனை கிலோ வரும் என்று. வேலை முடியும் நேரமாகப் பார்த்துக் கேளுங்கள்.

மலைக்குள் சொல்லாமல் இறங்க வேண்டாம். குளவிக் கூடு மரத்திலும் செடிக்கு அடியிலும் இருக்கும். கொட்டு வாங்கி உயிர் போன தொழிலாளர் பலர். அட்டைக்கு நீளக் காலுறையும் கொஞ்சம் உப்பும் போதும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும் என்பதால் தொழிற்சாலைக்குள்ளும் அதற்கு இடமில்லை.

தொழிற்சாலையைத் தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்பார்கள். நாலைந்து மாடி, வரிசை வரிசையாக ஜன்னல். அந்த மாடிகள் எல்லாம் ஒரு காலத்தில் சாக்குத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட வைத்த இடம். இன்று வாட்டுவது நீளமான தொட்டிகளில். தொட்டியின் நடுவே வலை, வலைமேல் முக்கால் அடி உயரத்துக்குக் கொழுந்து, ஒரு முனையில் பெரிய விசிறி. முதலில் மேலே ஒட்டிய மழைத்தண்ணீர் போகக் காற்று. ஈரமான நாளில் உலர்த்தும் அடுப்பில் இருந்து கொஞ்சம் வெதுவெதுப்பான காற்றைக் கலப்பார்கள். சூடு 35 பாகைக்கு மேல் போகக் கூடாது. இடையில் ஒருமுறை புரட்டிவிடுவார்கள். 8 முதல் 14 மணி நேரம்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்திருங்கள். 100 கிலோ பச்சைக் கொழுந்தில் 75 முதல் 80 கிலோ தண்ணீர். வாடி முடிந்தால் அது சுமார் 50 கிலோ. கடைசியில் காய்ந்த தேயிலை 22 கிலோ. அதாவது உங்கள் ஒரு கிலோப் பொதிக்கு நாலரைக் கிலோ கொழுந்து.

வாட்டத்தைக் கையால்தான் அறிய வேண்டும், அனுமதி கேட்டு நீங்களும் செய்து பாருங்கள். ஒரு பிடி அள்ளி உருண்டையாக அழுத்தி விடுங்கள். பச்சையாக இருந்தால் சட்டென்று விரிந்து சிதறும், தண்டு ‘டக்’கென்று ஒடியும். சரியாக வாடியது உருண்டையாகவே நின்று மெல்ல மெல்ல அவிழும். தண்டு வளையும், ஒடியாது. தொட்டால் மெல்லிய பழைய வேட்டித் துணி மாதிரி இருக்கும். மணத்தைப் பாருங்கள்: வெட்டிய புல் வாசம் போய்ப் பழ வாசம் வந்திருக்கும். தண்ணீர் போவது பாதி வேலை. இலைக்குள் நடக்கும் இந்த மாற்றம்தான் மறு பாதி. பெருவிசிறி போட்டு மூன்று மணி நேரத்தில் தண்ணீரை விரட்டிவிடலாம், அந்த மணத்தை அப்படி விரட்டி வரவழைக்க முடியாது. வாட்டம் குறைந்தால் அரவையில் சாறு வெளியே வழிந்து வீணாகும், குடிக்கும்போது சாரம் இருக்காது. கூடினால் ஓரம் கருகி மொறுமொறுத்து, அரைக்கும்போது செதிலாக உடையும், நிறமும் ஏறாது.

அரவைக் கூடத்துக்குள் நுழைந்ததும் காற்று ஈரமாக முகத்தில் அடிக்கும். வேண்டுமென்றே நீர்த்துளி தெளித்து வைத்திருப்பார்கள், இலை காய்ந்துவிடாதிருக்க. ரோலர் என்பது பெரிய வட்ட மேசை. அதன்மேல் பித்தளைப் பட்டைகளும் நடுவில் ஒரு கூம்பும். மேலே அடியில்லாத ஓர் உருளை, கொழுந்தை உள்ளே வைத்துச் சுற்றுகிறது. இரு உள்ளங்கைக்கு நடுவே வைத்துத் தேய்ப்பதைத்தான் இரும்பும் பித்தளையும் செய்கின்றன. மேலே உள்ள மூடியை இறக்கினால் அழுத்தம். சில நிமிடம் அழுத்தி, சில நிமிடம் தூக்கி விடுவார்கள். தூக்காமல் விட்டால் உராய்வில் சூடேறி இலை உள்ளேயே வெந்துபோகும். ஒரு சுற்று 20 முதல் 30 நிமிடம்.

வெளியே வருவது கட்டி கட்டியாக, கையில் ஒட்டும். அதை ஆடும் சல்லடையில் விட்டு உடைத்து ஆற்றிச் சலிப்பார்கள். கீழே விழும் நைசானதுக்குப் பெயர் முதல் தூள். அரும்பும் இளம் இலையும் பெரும்பாலும் அதில் போய்விடும். மேலே நின்றது மறுபடி அரவைக்குப் போய் இரண்டாம், மூன்றாம் தூள். பல தொழிற்சாலைகளில் இரண்டாம் சுற்றில் இருந்து ரோட்டர்வேன் என்ற இயந்திரம் இருக்கும். இறைச்சி அரைக்கும் இயந்திரம் மாதிரி தள்ளி நறுக்கும். எந்தத் தூள் எந்த இடத்தில் கிடக்கிறது, எப்போது இறங்கியது என்று பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பலகையைப் படியுங்கள், அன்றைய வேலை முழுக்க அதில் இருக்கும். முறுக்காமல் பல்லுருளைகளுக்கு நடுவே நசுக்கிக் கிழித்து மணி மணியாகச் சுருட்டும் சிடிசி முறையும் உண்டு. இலங்கையில் அது சிறுபான்மை. இங்கே பெரும்பகுதி இந்தப் பழைய முறைதான்.

அடுத்தது புளிக்கவைத்தல். பெயர் பழகிவிட்டது, ஆனால் தோசை மாவு புளிப்பது போல நுண்ணுயிர் எதுவும் இங்கே வேலை செய்வதில்லை. வெட்டி வைத்த வாழைக்காய் கறுப்பது போன்ற காரியம் இது. அரவையில் இலையின் உயிரணுக்கள் உடைந்து சாறு வெளியே வந்து, நொதியும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்கின்றன. முதலில் தியாஃப்ளேவின் உண்டாகிறது. கோப்பைக்குப் பளபளப்பும் நாக்கில் அந்தச் சுறுக்கும் அதனால். நேரம் போகப் போக அது தியாரூபிஜினாக மாறி, நிறமும் கனமும் கூடும், பளபளப்பு குறையும். ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதை வாங்க முடியும். அரவை தொடங்கிய நேரம் முதல் அடுப்புக்குப் போகும்வரை பொதுவாக இரண்டு, மூன்று மணி நேரம்தான். நுவரெலியாவில் இதைச் சுருக்கமாகவே நிறுத்துவதால் தேநீர் வெளிறிய பொன்னிறம். மணம் மேலோங்கி நிற்கும். “நிறமே இல்லையே, நல்லதில்லை போல” என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

தரையிலோ மேசையிலோ இரண்டு, மூன்று அங்குலம் பரப்பிக் கிடக்கும் தூளைப் பாருங்கள். பச்சை மாறி, துலக்கிய செம்பின் நிறம் வரும். வாசம் பச்சையில் இருந்து பூவும் பழமும் கலந்ததாகும். டீ மேக்கர், அதாவது தொழிற்சாலைக்குப் பொறுப்பானவர், குனிந்து ஒரு கைப்பிடி அள்ளி முகர்வார். கடிகாரம், வெப்பமானி எல்லாம் இருந்தும் முடிவு அந்த மூக்கினுடையது. முந்தினால் கோப்பையில் பச்சைக் கசப்பு, பிந்தினால் மணம் மடிந்து மங்கிய சாயம். பரப்பிய தடிமன் கூடினால் அடியில் காற்றுப் போகாமல் ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் கறுப்பு.

உலர்த்தும் அடுப்பு அந்த மாற்றத்தைக் கொல்லும் இடம். சங்கிலியில் ஓடும் தட்டுகள்மேல் தூள் நகர, அடியில் இருந்து 90 முதல் 99 பாகை சென்டிகிரேட் காற்று. 20 நிமிடம் அளவில் ஈரம் நூற்றுக்கு மூன்று வீதத்துக்கு இறங்கி, செம்பு நிறம் கறுப்பாகும். கவனிக்க வேண்டியது உள்ளே போகும் சூட்டை விட வெளியே வரும் காற்றின் சூட்டை. அது 50 பாகை ஒட்டி நிற்க வேண்டும். குறைந்தால் தூள் காயாமல் ஆவியில் புழுங்கி, புளிப்பு நிற்காமல் தொடரும், சுவை அவிந்துபோகும். மிகக் கூடினால் மேல்தோல் மட்டும் காய்ந்து இறுகி, உள்ளே ஈரம் சிறைப்படும். பார்க்க நன்றாக இருக்கும், பெட்டியில் நாள்படக் கெட்டுவிடும். அடுப்பின் குழாயில் ஓட்டை விழுந்தால் விறகுப் புகை தேயிலைக்குள் போகும், அதை எந்தச் சல்லடையும் பிரிக்காது.

பிறகு சலிப்பு. நார் எடுக்கும் உருளைகளைத் தவறவிடாதீர்கள். கம்பளித் துணியில் உரசி மின்னேறிய பிளாஸ்டிக் உருளைகள் தேயிலைக்கு மேலே சுற்றும், சிவந்த நாரும் குச்சியும் மட்டும் துள்ளி ஏறி ஒட்டிக்கொள்ளும். தேவைக்கு மேல் சலித்தால் தேயிலையின் கறுத்த மினுக்கம் உரிந்து சாம்பல் பூக்கும், விலை விழும். ஓபி (ஆரஞ்சு பீக்கோ), பிஓபி (அதன் உடைந்த வகை), பிஓபிஎஃப் (அதைவிடச் சிறியது), டஸ்ட் (மிக நைசான தூள்) என்று எழுதியிருப்பது துகளின் அளவைத்தான் சொல்கிறது, தரத்தை இல்லை. நீண்டு முறுகிய ஓபி மெல்ல இறங்கும். பிஓபிஎஃப் சீக்கிரம் கடுமையாக இறங்கும். நல்ல தோட்டத்து டஸ்ட், சுமாரான தோட்டத்து ஓபியை விட எத்தனையோ மேல். ஓபியில் வரும் ‘ஆரஞ்சு’க்குத் தோடம்பழத்தோடு சம்பந்தமில்லை.

சுவைக்கும் மேசையில் 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர் ஊற்றி ஆறு நிமிடம், இதுதான் சர்வதேச அளவு. குடிக்கும் முன் மூடிமேல் கொட்டி வைத்த வெந்த இலையைப் பாருங்கள். செம்புபோல் மின்னினால் வேலை சரி. பச்சை திட்டு இருந்தால் வாட்டமோ புளிப்போ போதவில்லை. மங்கிக் கறுத்திருந்தால் பிந்திவிட்டது. தேநீரைச் சத்தமாக உறிஞ்சி நாக்கு முழுக்கப் படவிடுங்கள். அங்கே அது மரியாதைக் குறைவில்லை.

இடங்களைப் பற்றிச் சுருக்கமாக. கண்டியில் தொடங்குவதானால் ஹந்தானையில் 1925-இல் கட்டிய பழைய தொழிற்சாலையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருட்களும் அந்தக்கால இயந்திரங்களும் அங்கே. நுவரெலியாவில் பெட்ரோ, வரும் வழியில் லபுக்கலை, ஹப்புத்தளையில் 1890-இல் எழுந்த தம்பேதன்னைத் தொழிற்சாலை மூன்றும் பயணிகளுக்குப் பழகியவை. ஊவாப் பருவத்தில் போனால் தம்பேதன்னை, தை மாசியில் என்றால் பெட்ரோ. கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயம் (தொழிலாளரின் வரிசை வீடு) ஒன்றிலேயே அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து இந்த மலைகளைத் தோட்டமாக்கியவர்கள் பாவித்த பொருட்கள் அங்கே இருக்கின்றன. தொழிற்சாலை மட்டும் பார்த்தால் கதை பாதிதான்.

வாங்கும்போது தோட்டத்தின் பெயரும் பொதி செய்த திகதியும் உள்ளதாகப் பாருங்கள். வாளேந்திய சிங்கச் சின்னம் இருந்தால் முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்தது என்று பொருள். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் கொட்டி, சிவந்த நாரும் குச்சியும் எத்தனை, சாம்பல் பூத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பால் ஊற்றிக் குடிப்பவர்கள் நுவரெலியாவை வாங்கி ஏமாற வேண்டாம்; டிம்புள்ள பிஓபிஎஃப் பாலைத் தாங்கும். நுவரெலியாவுக்குப் பால் இல்லாமல், ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி, அப்போதுதான் கொதித்த தண்ணீரில் மூன்று நிமிடம். வீட்டில் காற்றுப் புகாத தகர டப்பாவில், மசாலாப் பொடியும் சவர்க்காரமும் இல்லாத தட்டில் வையுங்கள். அடுப்புக்கு மேலே உள்ள அலுமாரி வசதியாகத் தோன்றும், ஆனால் அங்கே ஏறும் ஆவி அந்த மூன்று வீத ஈரத்தைக் கூட்டிவிடும்.